நாணயம் பார்த்தவர்: சிங்கைத் துணிவணிகர் நாராயண பிள்ளை

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கடலைச் சேர்வதற்கு ஒரு வழி உண்டு. கச்சிராயபாளையத்தை ஒட்டிச் சமவெளிக்கு இறங்கும் கோமுகி, கள்ளக்குறிச்சியைக் கடந்து மணிமுத்தாற்றோடு கூடி, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலை அடைகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் இப்பகுதித் தறிகளில் நெய்த துணியும் ஏறத்தாழ இந்தத் திசையிலேயே சென்றது. மலைமேல் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் ஆகியோரின் ஜாகிர்கள். கீழே கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம், தியாகதுருகம் என்னும் ஊர்கள். கிழக்கே கடலூரும் பரங்கிப்பேட்டையும். மலைக்கும் துறைமுகத்துக்கும் இடைப்பட்ட இந்நிலத்தில் துணி பலருக்குப் பிழைப்பாக இருந்தது.

மலைக்கும் துணிக்கும் உள்ள உறவு எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதன்று. கல்வராயன் காடுகளில் கிடைக்கும் பொருள்களுள் கடுக்காய் ஒன்று. அது மருந்து மட்டுமன்று, சாயத்தொழிலுக்கு இன்றியமையாதது. சோழமண்டலக் கரையின் சிவப்புச் சாயம் உலகப் புகழ் பெற்றதன் மறையை அறிய விரும்பிய பிரெஞ்சுப் பாதிரியார் கேர்தூ, 1742இல் தம் நாட்டுக்கு எழுதிய மடலில் அம்முறையை விரிவாகப் பதிவு செய்தார். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர்; படிகாரம் இட்டு, பின்னர்ச் சாயவேர் நீரில் காய்ச்சுவர். சாயவேர் கடற்கரை மணலில் விளைவது. கடுக்காயோ மலையில் காய்ப்பது. மலையும் கடலும் ஒரு துணியில் சந்தித்தால்தான் அந்தச் சிவப்பு நிலைக்கும். நீலத்துக்கு வேண்டிய அவுரியைத் தென்னாற்காட்டு வயல்களே மிகுதியாகத் தந்தன.

சின்னசேலம் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி துணி கொள்முதல் செய்த இடங்களுள் ஒன்று. கம்பெனியின் கொள்முதல் முறை முன்பணத்தை அடிப்படையாகக் கொண்டது. தரகர் வழியாக நெசவாளர்க்கு முன்பணம் செல்லும். குறித்த நீளம், அகலம், இழைக்கணக்கு ஆகியவற்றோடு துணி திரும்பி வரவேண்டும். குறைந்தால் விலை குறையும். மிகக் குறைந்தால் துணி தள்ளப்படும். முன்பணம் வாங்கியவர் தம் துணியை வேறு வணிகர்க்கு விற்பது கம்பெனியின் கண்ணில் குற்றம். மைசூர்ப் போர்களில் படைகள் போவதும் வருவதுமாக இருந்த நாடு இது. தறியை விட்டு ஓடியவர் திரும்பிவந்தபோது முன்பணக் கணக்கு மட்டும் அழியாமல் இருந்தது. 1801இல் கர்நாடக நவாபின் ஆட்சிப்பகுதி முழுவதும் கம்பெனியின் கைக்குச் சென்றபின், வரி தண்டியவரும் துணி வாங்கியவரும் ஒருவரே ஆயினர். இதனால் பேரம் பேசும் இடம் நெசவாளர்க்கு மேலும் சுருங்கியது.

தறியில் தொடங்கும் துணியின் கதை கடையில்தான் நிறைவு பெறும். அந்தக் கடைகளுள் பல கடலுக்கு அப்பால் இருந்தன. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துணிக்கடை வைத்து, அனைத்தையும் இழந்து, மீண்டும் எழுந்த தமிழர் ஒருவரின் வாழ்வு, கரையின் இப்பக்கத்தில் இருப்போரும் அறியவேண்டியது. அவர் சிங்கப்பூர் நாராயண பிள்ளை. சிங்கப்பூர் வரலாறு அவரைக் கோயில் கட்டியவராகவே பெரிதும் நினைவிற் கொண்டுள்ளது. அவர் துணிவணிகர் என்பதும், கடன்பட்ட துணிவணிகர் என்பதும் அடுத்த வரியில் சொல்லிக் கடக்கப்படுகின்றன. அந்த அடுத்த வரியே ஈண்டு பொருள்.

கடைக்கும் முதலுக்கும் தமிழ் தந்த சொற்கள்

தமிழர் கிழக்கே சென்றது புதிய செய்தியன்று. சுமத்திராவின் பாரூஸில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவைக் குறிக்கின்றது. அதனினும் பழமையானது, தாய்லாந்தின் குவான் லுக் பாட் என்னும் இடத்தில் கிடைத்த சிறு கல். அது பொற்கொல்லர் ஒருவரின் உரைகல். பெரும்பதன் என்பவரின் கல் என்று தமிழி எழுத்தில் அதன்மேல் பொறிக்கப்பட்டுள்ளது. அதன் காலத்தைக் கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டு என்பர். கடல் கடந்து சென்ற தமிழர் ஒருவர் விட்டுச்சென்ற மிகப் பழைய உடைமைகளுள் ஒன்று, பொன்னின் மாற்றுப் பார்க்கும் கருவியாக இருப்பது கருதத்தக்கது. நாராயண பிள்ளையின் கதைக்கு இக்கல் மீண்டும் தேவைப்படும்.

அரச வெற்றிகளைக் காட்டிலும் சொற்களே இவ்வுறவுக்கு உறுதியான சான்று எனலாம். மலாய் மொழியில் கடைக்குப் பெயர் கெடாய். வணிக முதலீட்டுக்குப் பெயர் மோடால். கப்பலுக்குப் பெயர் காப்பால். மூன்றும் தமிழ்ச் சொற்களின் வழிவந்தவை. ஒரு மக்கள் மற்றொரு மக்களிடமிருந்து மலருக்கும் நிலவுக்கும் சொல் வாங்குவது அரிது. எதனைக் கொண்டுவந்து கொடுத்தார்களோ அதற்கே சொல் வாங்குவர். மலாய் உரைநடையின் முன்னோடியான முன்ஷி அப்துல்லா, 1849இல் அச்சான தம் வரலாற்று நூலில், இளமையில் மலாக்காவில் தாம் தமிழ் கற்க அனுப்பப்பட்டதைக் கூறுகின்றார். கணக்குப் பார்ப்பதற்கும் வணிகர்களோடு பேசுவதற்கும் தமிழ் பயன்பட்டமையால், அந்நகரின் செல்வர்கள் தம் பிள்ளைகளுக்கு அதனைக் கற்பிப்பது வழக்கமாக இருந்ததாம். தமிழைக் கவிதையின் மொழியாகவும் பத்தியின் மொழியாகவும் போற்றிப் பழகிய செவிகளுக்கு, அது ஒரு துறைமுகத்தின் கணக்கு மொழியாகவும் இருந்தது என்பது வியப்பளிக்கலாம். வியப்பதை விடப் பெருமை கொள்வதே பொருந்தும்.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவைக் கம்பெனிக்காகக் கைக்கொண்டபோது, சோழமண்டலக் கரையின் வணிகர்க்கு மற்றொரு துறை திறந்தது. பரங்கிப்பேட்டை, நாகூர், நாகப்பட்டினம் மரக்காயர்கள் கெடாவிலும் ஆச்சேயிலும் முன்னரே பழகியவர்கள். அவர்கள் அங்கே சூலியர் எனப்பட்டனர். 1794இல் லைட் எழுதிய அறிக்கையின்படி, கரையிலிருந்து வரும் கப்பல்கள் ஆண்டுதோறும் 1300 முதல் 2000 பேரைக் கொண்டுவந்தன. அவர்கள் வணிகமும் கூலி வேலையும் செய்து சில வெள்ளிகள் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவர். அடுத்த கப்பலில் வேறு சிலர் வருவர். திரும்பிப் போவதே அக்கால வழக்கம். நாராயண பிள்ளை அந்தப் பினாங்கில் வாழ்ந்தவர்.

வெள்ளிக்கு ஒலி உண்டு

1819ஆம் ஆண்டு சனவரி இறுதியில் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் இறங்கினார். பிப்ரவரி 6ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. உடன்வந்த இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 120 பேர். அவர்களின் பெயர்களை வரலாறு தனித்தனியே சொல்வதில்லை. அவ்வாண்டு மே மாதம் 31ஆம் நாள் ராஃபிள்ஸ் பினாங்கிலிருந்து இந்தியானா என்னும் கப்பலில் இரண்டாம் முறை வந்தபோது, உடன்வந்த நாராயண பிள்ளையின் பெயர் நிலைத்துவிட்டது. சிங்கப்பூர் வரலாற்றில் பெயரோடு இடம்பெற்ற தமிழர்களுள் அவரே முதல்வராகக் கருதப்படுகின்றார்.

அங்கு அவர் ஏற்ற முதற்பணி, வெள்ளி நாணயங்கள் மெய்யானவையா என்று பார்ப்பது. அக்காலத் தென்கிழக்காசியத் துறைகளில் செலாவணியாக இருந்தது ஸ்பானிய வெள்ளி. மெக்சிகோவில் அச்சான அக்காசு, சீனரும் புகிஸ் வணிகரும் மலாயரும் ஒருங்கே ஏற்றுக்கொண்ட பொதுப்பணம். பொதுப்பணமாக இருந்ததால் போலிகளும் மிகுதி. ஓரம் சுரண்டியவை, ஈயம் கலந்தவை, மேலே மட்டும் வெள்ளி பூசியவை எனப் பல. காசைத் தூக்கில் இட்டும், தட்டி ஒலி கேட்டும், விளிம்பைக் கீறியும் நன்றையும் தீதையும் பிரிப்பவரை நம்பித்தான் அரசின் கருவூலமே நடந்தது. குவான் லுக் பாட்டின் உரைகல்லுக்கு உரியவர் செய்த தொழிலின் தொலைவான உறவு இது.

காசுக்கும் சொல் தவறாமைக்கும் தமிழ் நாணயம் என்னும் ஒரே சொல்லை வைத்திருக்கின்றது. நாராயண பிள்ளையின் வாழ்வில் முதற்பொருள் தொடக்கத்தில் வருகின்றது. இரண்டாம் பொருள் மூன்றாண்டுகள் கழித்து வருகின்றது.

கருவூலப் பணி நிலைக்கவில்லை. அப்பொறுப்பு மலாக்காவிலிருந்து வந்தவர்க்குச் சென்றது. பினாங்குக்குத் திரும்புவதே எளிய வழி. அவர் திரும்பவில்லை. புதிய குடியேற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். எங்கும் அத்தாப்பு ஓலை வேய்ந்த குடில்கள். ஊர் வளரும், வளரும் ஊர் கல்லையும் செங்கல்லையும் கேட்கும் என்று கணித்தார். தஞ்சோங் பாகார்ப் பகுதியில் செங்கற்சூளை அமைத்தார். அதுவே சிங்கப்பூரின் முதற்சூளை என்பர். பினாங்கில் இருந்த நண்பர்களுக்குச் செய்தி அனுப்பிக் கொத்தர்களையும் தச்சர்களையும் துணிவணிகர்களையும் வரவழைத்தார். இவ்வாறு சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரர் ஆனார். வருமானம் தந்தது சூளையே. ஆயினும் அவர் மனம் துணியில் இருந்தது போலும். கிராஸ் தெருவில் பருத்தித் துணிக்கடை ஒன்றைத் திறந்தார். சில காலத்திலேயே அது ஊரறிந்த பெரிய கடையாயிற்று.

கடன் சரக்கு

சிங்கப்பூர் வரியற்ற துறைமுகம். அங்கே கடை வைப்பதற்குச் சரக்கு வேண்டும். சரக்குக்கு முதல் வேண்டும். அந்நாளைய வழக்கப்படி ஆங்கில வணிக நிறுவனங்கள் கல்கத்தாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்து இறங்கும் சரக்கை ஆசிய வணிகர்களுக்குத் தவணைக்குக் கொடுத்தன. மலாய், புகிஸ், சீன மொழிகளில் பேரம் பேசுவதோ, தீவுதோறும் உள்ள விருப்பத்தை அறிவதோ அந்நிறுவனத்தாரால் இயலாது. அதனை அறிந்தவர்கள் இடையில் நின்றனர். புகிஸ் மரக்கலங்கள் பருவக்காற்றோடு வந்து பருவக்காற்றோடு போகும். விற்பனை அவற்றின் வருகைக்குக் காத்திருக்கும். சரக்கு இறங்கிய நாளுக்கும் பணம் திரும்பும் நாளுக்கும் இடையே பல மாதங்கள். அந்த மாதங்களைத் தாங்கியது பேரேட்டில் எழுதிய பெயர் மட்டுமே. நாராயண பிள்ளையும் ஆங்கில வணிகர்களிடம் கடனுக்குத் துணி எடுத்து விற்றவர்.

இங்கே சற்று நிற்கவேண்டும். சோழமண்டலக் கரையின் துணியைக் கொண்டு கிழக்கு நாடுகள் பல நூற்றாண்டுகள் உடுத்தின. சுமத்திராவின் மிளகும் மலுக்குத் தீவுகளின் கிராம்பும் அத்துணிக்கு மாற்றாகவே பெறப்பட்டன. 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த நிலை புரண்டது. 1813ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் இந்திய வணிகத்தில் கம்பெனிக்கு இருந்த தனியுரிமையை நீக்கித் தனியார் ஆங்கில வணிகர்க்கு வழிதிறந்தது. ஆலைத்துணி இந்தியாவுக்குள்ளும் மலாய்த் தீவுகளுக்குள்ளும் ஒருசேர நுழைந்தது. 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் கம்பெனி வணிகத்தையே கைவிட்டது. முன்பணம் கொடுத்த கொள்முதல் நிலையங்களும் மறைந்தன. முன்பணம் ஒரு தளை என்பது உண்மை. அத்தளை அறுந்த இடத்தில் விடுதலை இல்லை, வாங்குவோர் இன்மையே இருந்தது என்பதும் உண்மை.

ஆகவே சிங்கப்பூரில் ஆங்கிலேயரிடம் கடனுக்குத் துணி எடுத்து விற்ற தமிழர், ஒரு திருப்புமுனையில் நிற்கின்றார். அவருடைய முன்னோர் தலைமுறை வணிகர்கள் கரையில் வாங்கிக் கிழக்கே விற்றவர்கள். துணியின் பிறப்பிடம் அவர்கள் அறிந்த தறி. அவரோ அயலாரின் சரக்குக்கு விற்பனையாளர். அவரது கடையில் ஆலைத்துணி அடுக்கப்படத் தொடங்கிய காலம், சின்னசேலம் போன்ற ஊர்களில் தறிகள் ஓயத் தொடங்கிய காலத்தோடு பொருந்துகின்றது. இதனைக் கொண்டு அவரைப் பழிப்பது எளிது, சரியன்று. தறியை ஓயச் செய்தது லங்காஷயரின் நீராவியும் இலண்டனின் சட்டமும் ஆகும்; கிராஸ் தெருவின் கடையன்று. அதே வேளையில், அவரை வெற்றி பெற்ற தமிழ் வணிகர் என்று மட்டும் போற்றி, அவர் விற்ற துணி எங்கே நெய்யப்பட்டது என்று கேளாமல் விடுவதும் வரலாறாகாது. நெசவாளர் முழுதும் அழிந்தனர் என்பதும் மிகைக்கூற்றே. ஆலைநூல் வாங்கிப் பருமனான துணி நெய்தும், ஆலையால் எளிதிற் போட்டியிட இயலாத கைலி வகைகளைப் பிடித்துக்கொண்டும் பலர் பிழைத்தனர். தென்னாற்காட்டுக் குறிஞ்சிப்பாடியின் கைலிகள் பிற்காலத்தில் அதே மலாய்க் கரைகளுக்குச் சென்றதுண்டு.

தீயும் தவணையும்

1822இல் நாராயண பிள்ளையின் கடை தீக்கிரையாயிற்று. ஓலைக்கூரைகள் நெருங்கிய ஊரில் தீ அரிதன்று. துணிக்கடையில் அது எதையும் மிச்சம் வைப்பதுமன்று. எரிந்தது அவருடைய சொந்தத் துணி மட்டுமாக இருந்திருந்தால் நட்டம் அவருக்கு. அடுக்கில் இருந்தது கடன் சரக்கு. துணி சாம்பலாயிற்று, பேரேட்டில் எண்கள் அப்படியே நின்றன. வளர்ந்த வேகத்தில் அவர் எடுத்த சரக்கு மிகுதி. ஆகவே கடனும் மிகுதி. அக்காலச் சட்டத்தில் கடன் திருப்ப இயலாதவர் சிறைக்குச் செல்ல நேரிடும். பினாங்குக்குச் செல்லும் கப்பல்கள் துறையில் நின்றன. ஊர்விட்டு ஊர் போய்ப் பெயர் மாற்றிக்கொள்வது கடல்வணிகத்தில் பலர் கண்ட வழி.

அவர் போகவில்லை. கடன் கொடுத்தவர்களைக் கண்டு தவணை கேட்டார். அவர்கள் கொடுத்தனர். 1822ஆம் ஆண்டு அக்டோபரில் மூன்றாம் முறையாகச் சிங்கப்பூர் வந்த ராஃபிள்ஸ், கமர்ஷியல் ஸ்குவேர் எனப்பட்ட வணிகச் சதுக்கத்தில் அவர்க்கு நிலம் ஒதுக்கினார். அங்கே புதிய கடை எழுந்தது, வணிகம் மீண்டது, கடனும் அடைந்தது.

இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் ராஃபிள்சின் பரிவையே முன்னிறுத்துவது வழக்கம். பரிவு பொய்யன்று. ஆயினும் நிலம் கிடைத்ததால் மட்டும் கடை திறக்க இயலாது. எரிந்த கடைக்காரர்க்கு இரண்டாம் முறை துணி கொடுத்தவர் யார்? முதற்கடன் திரும்பாத நிலையில் இரண்டாம் கடன் கொடுப்பவர் அறத்தை மட்டும் நினைத்துக் கொடுப்பதில்லை. அவரைச் சிறையிலிட்டால் பணம் வராது. கடையில் அமர்த்தினால் வரலாம் என்னும் கணக்கும் அதில் உண்டு. அக்கணக்கு சரியாக அமையவேண்டுமானால், ஓடாதவர், மறைக்காதவர் என்னும் நம்பிக்கை வேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன் ஊரின் வெள்ளியைத் தட்டிப் பார்த்தவரை இப்போது ஊர் தட்டிப் பார்த்தது. எந்த வெள்ளியும் இல்லாத நிலையில் எழுந்த ஒலி அது.

ஒரு செய்தியை இங்குச் சேர்த்துச் சொல்லலாம். தீயில் அனைத்தும் இழந்தவர்க்கு உதவிய ராஃபிள்ஸ், 1824ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் இங்கிலாந்து திரும்பும் வழியில், ஃபேம் என்னும் கப்பல் பெங்கூலன் அருகே எரிந்தபோது, தம் வாழ்நாளில் சேர்த்த சுவடிகள், வரைபடங்கள், உயிரினங்கள் ஆகிய அனைத்தையும் இழந்தார். பின்னர்க் கம்பெனி அவரிடம் பெருந்தொகையைத் திருப்பிக் கேட்டது. அவர்க்குத் தவணை கொடுக்க எவரும் முன்வந்ததாகத் தெரியவில்லை. 1826இல் கடனாளியாகவே மறைந்தார்.

நல்ல நீர் தேடிய கோயில்

1824ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சிங்கப்பூரின் மக்கள்தொகை 10,683. அவருள் இந்தியர் 756 பேர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தோர்க்குத் தலைவராகவும், அவர்தம் வழக்குகளைத் தீர்த்து வைப்பவராகவும் நாராயண பிள்ளை விளங்கினார். நகரின் பகுதிகளை இனவாரியாகப் பிரித்த 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்தில் சூலியர்க்கும் ஓர் இடம் குறிக்கப்பட்டிருந்தது. வந்தவர்களுள் பெரும்பாலோர் மனைவியரை ஊரில் விட்டு வந்த ஆடவர்கள். அவர்கள் கூடும் இடமாகக் கோயில் ஒன்று வேண்டும் என்று அவர் கருதினார்.

முதலில் தெலுக் ஆயர்ப் பகுதியில் இடம் குறிக்கப்பட்டது. அங்கே நல்ல நீர் இல்லை. உப்புநீரைக் கொண்டு அம்மனுக்கு நீராட்டுவது எங்ஙனம்? அவ்விடம் வேண்டாம் என்றார். 1821இல் ரெசிடென்ட் பார்க்குவர், ஸ்டாம்ஃபோர்டு கால்வாயருகே ஓரிடம் தந்தார். அது நகரத் திட்டத்துக்கு முரணாயிற்று. 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மூன்றாம் இடம் கிடைத்தது. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும்: கோயில் மனைக்காக அவர் அலைந்த ஆண்டுகளின் நடுவில்தான் கடை எரிந்தது. கடன் அடைத்துக்கொண்டே மனை தேடினார். 1827இல் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆன எளிய கோயில் எழுந்தது. செங்கற்சூளை வைத்திருந்தவர் ஓலைக்கோயில் கட்டியது, கைந்நிலை முழுதும் தேறவில்லை என்பதைக் காட்டுவதாகக் கொள்ளலாம். சின்ன அம்மன் என்னும் சிறிய மாரியம்மன் திருவுருவம் அங்கு எழுந்தருளியது. 1831இல் தனியார் ஒருவர் கூடுதல் நிலம் அளித்ததைக் கோயிலில் உள்ள கல் ஒன்று தெரிவிக்கின்றது. செங்கற்கட்டடம் 1843இல்தான் எழுந்தது.

மாரியம்மனைத் தேர்ந்தது இயல்பானது. மழைக்கும் அம்மைக்கும் உரியவள். ஆகமம் அறிந்த குருக்களும் பெருஞ்செல்வரும் இன்றியே ஊரார் கூடி வணங்கக்கூடியவள். புதிதாக வந்திறங்கிய தமிழர்க்கு வேலை கிடைக்கும்வரை அக்கோயில் தங்குமிடமாக உதவியது. இந்துக்களின் திருமணங்களும் அங்கே பதியப்பெற்றன. அதே சாலையில் சற்றுத் தள்ளி, 1826இல் சூலிய முஸ்லிம்கள் அமைத்த ஜாமிஆப் பள்ளிவாசல் உள்ளது. ஒரே கரையிலிருந்து ஒரே வகைக் கப்பல்களில் வந்தவர்கள், ஓராண்டு இடைவெளியில், ஒரே சாலையில் தத்தம் வழிபாட்டிடங்களை எழுப்பிக்கொண்டனர். கோயிலின் இருமருங்கும் உள்ள தெருக்கள் பகோடா தெரு, டெம்பிள் தெரு எனவும், பள்ளிவாசலை ஒட்டியது மாஸ்க் தெரு எனவும் பெயர் பெற்றன.

கள்ளக்குறிச்சிப் பகுதியினர் கூர்ந்து நோக்கவேண்டிய செய்தி அக்கோயிலின் உள்ளே இருக்கின்றது. மாரியம்மனுக்கு அடுத்த சிறப்போடு அங்கே வீற்றிருப்பவள் திரௌபதி. அரவானுக்கும் தனிச் சந்நிதி உண்டு. 1840 முதல் தீமிதி நடந்து வருகின்றது. தமிழகம் முழுவதற்கும் பொதுவான வழிபாடன்று இது. திரௌபதியம்மன் வழிபாட்டின் நெஞ்சகம் செஞ்சியைச் சூழ்ந்த பழைய தென்னாற்காடு. அரவானுக்குச் சித்திரையில் விழா எடுக்கும் கூவாகம், 2019இல் அமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் இருக்கின்றது. பாரதக் கூத்தைக் கண்விழித்துப் பார்த்து, பதினெட்டாம் போர் முடிவில் தீயில் இறங்கிப் பழகிய மக்கள் கடல் கடந்து சென்றபோது, தம்மோடு அரவானையும் கொண்டு சென்றனர். துணி சென்ற அதே வழியில் சென்றார் அவரும். கடலூரிலோ பரங்கிப்பேட்டையிலோ கப்பலேறியவர்களின் பெயர்ப்பட்டியலைத் தேடி அலைவதைவிட, அச்சந்நிதியைக் காண்பது தெளிவான விடை தரும்.

சிங்கப்பூர்த் தமிழர் நூல்களும் இதழ்களும் பின்னர் வந்தன. யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் சிங்கைநகர் அந்தாதி அச்சானதும், சிங்கை நேசன் இதழ் தொடங்கியதும் 1887இல். கணக்கு மொழியாகச் சென்ற தமிழ், கவிதை மொழியாகவும் அங்கே அச்சேறியது. அந்தாதி பாடிய புலவர்க்குக் கேட்போர் கூட்டம் ஒன்று இருந்தது. அக்கூட்டத்தைச் சேர்த்தவர்கள் துணி விற்றவர்கள், செங்கல் அறுத்தவர்கள், வட்டிக்கடை நடத்தியவர்கள், வண்டி ஓட்டியவர்கள்.

2019ஆம் ஆண்டு சனவரியில், ராஃபிள்ஸ் வந்த இருநூறாம் ஆண்டையொட்டி, சிங்கப்பூர் ஆற்றங்கரையில் அவர் சிலையருகே நான்கு சிலைகள் சில நாட்கள் வைக்கப்பட்டன. பழைய சிங்கபுரத்தை நிறுவியதாகச் சொல்லப்படும் சங் நீல உத்தமர், தான் டொக் செங், முன்ஷி அப்துல்லா, நாராயண பிள்ளை. கணக்குக்காகத் தமிழ் கற்ற அப்துல்லாவும், அந்தக் கணக்கைத் தமிழில் எழுதியிருக்கக்கூடிய நாராயண பிள்ளையும் அருகருகே நின்றனர். பின்னர் அச்சிலைகள் அவ்விடத்திலிருந்து அகற்றப்பட்டன. 1827இல் ஓலைக்கூரையின்கீழ் அமர்ந்த சின்ன அம்மன், சவுத் பிரிட்ஜ் சாலைக் கருவறையில் இன்றும் இருக்கின்றாள்.